யாருடைய கை?

கடையில் வாங்கினால் வெறும் பணம், கையால் செய்தால்தான் அன்பு என்கிறவர்களிடம் ஒரு கேள்வி: யாருடைய கை?

எங்கள் தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில், லம்பாடிப் பெண்கள் மறந்தே போகவிருந்த எம்பிராய்டரியை 2000-களில் 'போர்கை' அமைப்பு வழியாக மீட்டெடுத்தார்கள். போர்கை என்றால் அவர்கள் மொழியில் பெருமை. அவர்கள் தைத்த பையை வாங்கிப் பரிசளித்தால் அது கடைச்சரக்கா, கைவேலையா? இரண்டும்தான்.

"ஒரு பைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசிவிட்டு, 'கைவேலை, அன்புடன்' என்று எழுதிக் கொடுப்பது சுத்த ஏமாத்து வேலை. நேரமிருந்தா நாமே செய்வோம். இல்லையா, செய்தவர் கேட்ட காசைக் கொடுப்போம்.

தகடூர் அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனி அவன் செய்ததல்ல, வாங்கியதுமல்ல. தன் ஆயுளையே விட்டுக்கொடுத்தான். நம்மால் பேரத்தைக்கூட விட முடியாதா?