வாய்க்கால் கரையில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள்

கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமா, கூடாதா என்ற பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இன்னும் ஓயவில்லை. 700 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள திட்டம், பேசத்தான் செய்வார்கள். இரண்டு தரப்பிலும் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கரையில் ஒரு பத்து கிலோமீட்டர் சைக்கிளில் போயிருக்கீங்களா? காரிலும் புல்லட்டிலும் போனதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சைக்கிள் என்றதும் சிரிக்காதீங்க. அறுபது தாண்டின முழங்காலுக்கு வாய்க்கால் கரை மாதிரி தோதான பாதை வேறில்லை. ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை. 1948ல் வேலை தொடங்கி 1955ல் முடித்த இந்த வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம். மேட்டை வெட்டிக்கொண்டு நேராகப் போகாமல், நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டே வளைந்து வளைந்து போகிறது. சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து மேவிவிடும். இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத ஒரு சரிவை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் எப்படிச் சிரமமில்லாமல் போகிறதோ அப்படியே சைக்கிளும் போகும். (மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். சேறு அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. சீமைக்கருவேல முள்ளுக்கு பஞ்சர் சாமான் கையில் இருக்கட்டும்.)

மட்டத்தை ஒட்டிப் போவதால் கரைதான் எல்லை. வாய்க்காலுக்கு மேலே மானாவாரி: சோளக்காடு, பனை, வெள்ளாடு. கீழே நெல், மஞ்சள், வாழை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு போகலாம். முப்பது வருஷம் வங்கியில் பயிர்க்கடன் கோப்பு பார்த்தவன் நான். எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்பது கோப்பில் இருக்கும். கிணற்றில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இருக்காது. கரையில் போனால் அது தெரியும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில், கீழே இருக்கிற கிணறுகளை நிறுத்தி நிறுத்தி எட்டிப் பாருங்க. வாய்க்கால் அடைத்த பிறகு மே மாதத்தில் அதே கிணறுகளை மறுபடி பாருங்க. இந்த மண்கரை வழியாகக் கசிகிற தண்ணீரை 'வீணாகிற தண்ணீர்' என்று கணக்கெழுத எனக்குக் கை வராது.

கடைமடைக்காரர்கள் கோபப்படுவது நியாயம். ஆகஸ்ட் 15ல் தண்ணீர் திறந்தும் தன் மடைக்கு எட்டவில்லை என்றால் யாருக்கும் வயிறு எரியும். மொத்தம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். பாதிக்கு 120 நாள் நன்செய் தண்ணீர், மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலை, எள்ளுக்கு. இதில் ஒரு வாரம் தவறினாலும் பயிர் போச்சு. ஆனால் தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கும் கரையிலேயே பதில் கிடைக்கிறது. குழாயை இறக்கி மோட்டாரில் உறிஞ்சுகிற இடங்கள், உடைந்து தொங்கும் மதகுக் கதவுகள், வருஷக்கணக்கில் தூர் வாராத கொப்பு வாய்க்கால்கள். இவற்றில் எதற்கும் அடிமட்டத்தில் கான்கிரீட் போடுவது வைத்தியம் இல்லை. மதகையும் பாலத்தையும், உடைப்பெடுக்கிற பலவீனமான இடங்களையும் கான்கிரீட்டில் கட்டட்டும். மற்ற இடத்தில் மண் மண்ணாகவே இருக்கட்டும். இது என் கட்சி.

நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கு கரையில் இன்னொரு சொத்தும் இருக்கிறது. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு, புங்கன். இலைக்கரைசலுக்கு வேண்டிய எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். ராத்திரி வயலில் எலி பிடிக்கிற ஆந்தை பகலில் தங்குவது கரையோரத்துப் பெரிய மரங்களில்தான். கரையைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று பொக்லைனை இறக்கும்போது முதலில் போவது இவைதான். மரத்தை வெட்டினால் நட்டுவிடலாம் என்கிறார்கள். பொந்து விழுகிற வயசுக்கு அது வளர எத்தனை வருஷம்?

சைக்கிளில் போகும்போது என்னை அடிக்கடி நிறுத்துவது வேறொன்று. பச்சைப்புல் நடுவே, அளந்து வெட்டின மாதிரி மஞ்சளாகக் கருகிக் கிடக்கும் துண்டுகள். களைக்கொல்லி. ஆள் கூலி கட்டாமல் அடித்திருப்பார்கள், எனக்கும் புரிகிறது. ஆனால் அடுத்த மழையில் அது எங்கே போகும்? நேராக வாய்க்காலுக்குள். அங்கிருந்து, நாம் பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்து மண்ணை மீட்ட வயலுக்கு. நம் வயலுக்குச் சான்றிதழ் வாங்கி மாட்டியிருக்கிறோம், வாய்க்காலுக்கு ஏது சான்றிதழ்? அடித்தவரிடம் சண்டைக்குப் போவதைவிட, கரையில் அடிக்காதீங்க என்று பாசன சபையில் தீர்மானம் போடச் சொல்வது நடக்கிற காரியம். அதற்கு எந்த மதகுக்குப் பக்கத்தில், எத்தனை அடி நீளம் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். சும்மா 'எல்லா இடத்திலும் அடிக்கிறாங்க' என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு பாசன சபையும், தண்ணீர் திறப்பதற்கு முன்னால் ஜூலையில் ஒரு முறை, தண்ணீர் ஓடும்போது ஒரு முறை, தன் எல்லைக் கரையைச் சைக்கிளில் சுற்றி வர வேண்டும் என்கிறேன். நோட்டும் பேனாவும் போதும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பலாம். எங்கள் பக்கம் நாலு பேர் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் கடைமடைக்காரர், கான்கிரீட் போட்டே ஆகவேண்டும் என்கிறவர். அவருக்குச் சைக்கிள் இல்லை. என் மகனுடைய பழைய சைக்கிளுக்கு டயர் மாற்றி வைத்திருக்கிறேன்.