விண்ணுக்கும் ஒரு படையா?

நிலத்துக்கும் கடலுக்கும் ஆகாயத்துக்கும் படைகள் வகுத்த வல்லரசுகள், இப்பொழுது விண்வெளிக்கும் தனிப்படை தேடுகின்றன. அமெரிக்கா 2019 டிசம்பர் 20ஆம் நாள் அத்தகைய படையை நிறுவிவிட்டது. அதே ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியா தனது செய்மதியொன்றைத் தானே ஏவுகணையால் தகர்த்துக் காட்டியது. முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு விண்வெளி முகமையையும் அமைத்தது. இம்முகமை தனிப்படையாக வளரவேண்டுமா என்பதே கேள்வி. வேண்டாம் என்பதே நமது முடிவு.

அயல்நாட்டு விவகாரம் நமக்கேன் என்று குச்சவெளி உழவரும் கடற்றொழிலாளரும் கேட்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதை நோக்கிச் செல்லும் ரொக்கெட்டுகள், இலங்கைக்கு மேலாகப் பறவாதிருக்கவே வழியில் வளைந்து செல்கின்றன. அவ்வளவு அருகில் இருக்கிறோம் நாம். புயல் வருவதை முன்னறிவிப்பதும், நடுக்கடலில் படகுக்குத் திசை காட்டுவதும் செய்மதிகளே.

அச்செய்மதிகளைக் காக்கவே தனிப்படை என்பர் சிலர். 1918இல் பிரித்தானியா விமானப்படையைத் தனியாக்கியதையும் சான்று காட்டுவர். அதன் பின்னர் நிகழ்ந்ததென்ன? அடுத்த உலகப் போரில் நகரங்களே குண்டுக்கு இலக்காயின. தனிப்படைக்குத் தனி வரவு செலவு வேண்டும்; அதை நியாயப்படுத்தத் தனிப் பகைவனும் வேண்டும். காவலுக்குப் பொது முகமையே போதும். மேலும், 2007இல் சீனா தகர்த்த ஒரே செய்மதியிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் சிதறின. சிதறிய துண்டு எந்நாட்டுக் கொடியையும் பார்த்து மோதுவதில்லை.

திருகோணமலை மாவட்டத்தாருக்கு இப்பாடம் புதிதன்று. நமது இயற்கைத் துறைமுகத்தின் போர்ப் பெறுமதியே 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானியக் குண்டுகளை இங்கு வரவழைத்தது. பிரித்தானியர் 1957இல் தளத்தை ஒப்படைத்த பின்னரும் வல்லரசுகளின் கண் அதைவிட்டு அகலவில்லை. துறைமுகத்தை மதிப்பிட்டவர்கள் அதைச் சூழ வாழும் மக்களை மதிப்பிட்டதில்லை. நாளை விண்வெளியும் அவர்கள் கண்ணில் இன்னொரு துறைமுகமாகும்.

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, பூமியைச் சுற்றும் பாதையில் அணுவாயுதங்களை நிறுத்துவதைத் தடுக்கின்றது. வழமையான ஆயுதங்களை அவ்வாறு தடுக்கவில்லை. இவ்விடைவெளியை அடைப்பதில் இலங்கைக்குத் தனி உரிமையுண்டு. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கக் கோரிய நாடு இது. விண்வெளி ஆயுதப் போட்டிக்கு எதிரான தீர்மானத்தை எகிப்துடன் சேர்ந்து ஐக்கிய நாடுகள் சபையில் பன்முறை முன்வைத்த நாடும் இதுவே. அந்தக் குரலைக் கொழும்பு இன்று டில்லியிலும் வாஷிங்டனிலும் உரத்து ஒலிக்க வேண்டும். எவருடைய விண்வெளிப் படைக்கும் நம் கரையில் இடமில்லை என அறிவிக்கவும் வேண்டும்.

ஆனால், வானத்தில் படை கூடாதென்று பேசும் வாய்க்கு மண்ணிலும் நேர்மை வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் படையினர் வசமுள்ள மக்கள் காணிகள் இன்னும் முற்றாக மீளவில்லை. அவற்றை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு விண்ணின் சமாதானத்தைப் பேசட்டும், உலகம் செவிசாய்க்கும்.