கலைப் படிப்பு: தீவு மாணவர் எதைத் தேர்வது?

ஓவியத்திலும் வடிவமைப்பிலும் நாட்டமுள்ள அந்தமான் மாணவ மாணவியருக்கு மேற்படிப்பு என்றதும் மூன்று பட்டங்கள் எதிரே நிற்கின்றன: எம்.எஃப்.ஏ., எம்.டெஸ்., எம்.ஏ. மூன்றும் முதுகலைப் பட்டங்களே. ஆயினும் அவை இட்டுச் செல்லும் தொழில்கள் வேறு; அவற்றில் சேரும் தகுதியும் வேறு.

எம்.எஃப்.ஏ. ஓவியம், சிற்பம் முதலியவற்றில் கைத்தேர்ச்சி அளிப்பது. எம்.டெஸ். பயன்படு பொருள்களையும், வாகனங்களையும், கணினித் திரைகளையும் வடிவமைக்கக் கற்பிப்பது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969-இல் தொடங்கிய தொழில் வடிவமைப்பு மையம் இத்துறையில் பெயர் பெற்றது. கலை வரலாற்றில் எம்.ஏ. படிப்பவர் அருங்காட்சியகப் பணியையும் ஆராய்ச்சியையும் நாடலாம்.

பெற்றோர் கவனிக்கத் தவறுவது சேர்க்கை விதியைத்தான். எம்.எஃப்.ஏ.வில் சேரப் பொதுவாக நான்காண்டு பி.எஃப்.ஏ. பட்டம் வேண்டும். தீவு மாணவர் பலர் 1967-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி போன்றவற்றில் பி.ஏ.வோ பி.காமோ முடித்துவிட்டு, பிறகு ஓவியத்தை நினைக்கின்றனர். அப்போது அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். மீண்டும் பி.எஃப்.ஏ.வில் சேர்வதானால் மேலும் நான்காண்டு. கப்பல் கட்டணமும் விடுதிச் செலவும் தனி.

எம்.டெஸ். வழி அப்படியன்று. ஐ.ஐ.டி.க்கள் ஏற்கும் 'சீட்' நுழைவுத் தேர்வை, பிளஸ் டூவுக்குப் பின் மூன்றாண்டுப் பட்டம் பெற்ற எத்துறையினரும் எழுதலாம். வயது வரம்பும் இல்லை. பொறியியல் போன்ற குறிப்பிட்ட பட்டத்தைக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே விண்ணப்பிக்குமுன் விதிகளைப் படித்தல் அவசியம்.

ஆகையால் முதுகலைத் தேர்வு உண்மையில் பிளஸ் டூ முடிக்கும்போதே நடந்துவிடுகிறது. தூரிகையோ உளியோதான் வாழ்க்கை என்று துணிந்தவர், 1850-இல் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி, புதுவை பாரதியார் பல்கலைக்கூடம் ஆகியவற்றை அப்போதே நாடுவது நல்லது. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் முதுகலைப் பட்டத்துடன் காட்சிக் கலைப் பாடத்தில் 'நெட்' தேர்வையும் கருத்தில் கொள்ள வேண்டும். இன்னும் மனம் தெளியாதவர் ஊரிலேயே ஒரு பட்டம் பெற்று, வரைபடப் பயிற்சியை விடாமல் 'சீட்' எழுதலாம்.

படாக் மரச் சிற்பமும் சிப்பி வேலையும் வளர்ந்த தீவுகள் இவை. இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் தகவலுக்குத்தான். பதினோராம் வகுப்பிலேயே இவ்விவரங்களை எடுத்துரைப்பது பள்ளிகளின் கடமை. அதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது. சொல்லாமல் விட்டால் வீணாவது மாணவரின் ஆண்டுகள்.