ஓடலாம், அவசரம் வேண்டாம்!



நடைப்பயிற்சியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து, வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ‘நடப்பது சரி. குழந்தை பெற்றவர்கள் ஓடலாமா? மாரத்தான் மாரத்தான் என்கிறார்களே, அதெல்லாம் நம்மைப் போன்ற குடும்பப் பெண்களுக்கு ஆகிற காரியமா?’ கேட்டிருப்பவர்களில் பாதிப் பேர் இளம் தாய்மார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக ஓடலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள். ஓடுவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அவசரப்படக் கூடாது. யாரோடும் போட்டி போடக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடித்துத்தான் நானும் ஓடினேன். அதைத்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன்.

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓட்டம். 1908-இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்ஸில் வைத்த தூரமே பிறகு நிலைத்துவிட்டது. எங்கள் கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு தூரம் வரும். அதில் பாதி, அதாவது சுமார் 21 கிலோமீட்டர், அரை மாரத்தான். அது கோவில்பட்டிக்கு ஒரு வழி மட்டும் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓடியது இந்த அரைதான்.

பெண்களால் ஆகாது என்றார்கள்!

இந்த ஓட்டத்தில் பெண்களுக்கு இடம் சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்த சிலர் களைத்துப் போனதைப் பெரிதாக்கி, பெண் தேகத்துக்கு இது தாங்காது என்று அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று!

1967-இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் ஸ்விட்சர் என்ற பெண், ‘கே. வி. ஸ்விட்சர்’ என்று பெயரைப் பதிந்து ஓடினார். நடுவழியில் ஓர் அதிகாரி பாய்ந்து வந்து அவருடைய எண் அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். அவர் நிற்கவில்லை, ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972-இல். ஒலிம்பிக்ஸில் பெண்கள் மாரத்தான் வந்ததோ 1984-இல், லாஸ் ஏஞ்சலஸில். ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். நம் பி. டி. உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கத்தை இழந்ததும் அதே லாஸ் ஏஞ்சலஸில்தான்.

‘அவர்களெல்லாம் பயிற்சி பெற்றவர்கள்’ என்பீர்கள். வாஸ்தவம்தான். மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கத்து லதா கரே அப்படியில்லை. 60 வயதைத் தாண்டிய கூலித் தொழிலாளி. கணவருக்கு ஸ்கேன் எடுக்கப் பணமில்லை. ஊரில் மூத்தோருக்கு ஓட்டப் பந்தயம், பரிசுப் பணம் உண்டு என்று கேள்விப்பட்டு, கட்டியிருந்த ஒன்பது கஜப் புடவையோடு ஓடினார், ஜெயித்தார். அது முழு மாரத்தான் அல்ல, சில கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு குடும்பமே இருந்ததல்லவா? 2020-இல் அவர் கதை மராத்தியில் படமாக வந்தது. அவரே நடித்தார்.

என் கதைக்கு வருகிறேன்

2013-இல் எனக்கு 38 வயது. இரண்டு பிள்ளைகள். மலைமேல் வெட்டுவான் கோயிலுக்கு ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும், கண் இருட்டும். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9 கிராம். இருக்க வேண்டியது 12. ‘மூன்று மாசம் மாத்திரை சாப்பிடுங்க. சும்மா உட்காராம மெதுவா நடங்க. ரத்தம் ஏறினப்புறம் மத்ததைப் பேசலாம்’ என்றார்கள்.

மூன்று மாசம் மலையைச் சுற்றிக் கிரிவலப் பாதையில் நடை மட்டும்தான். மறுபடி பரிசோதித்ததில் 12-ஐத் தொட்டது. அதற்குப் பிறகே ஓட்டம். எதிர் வீட்டு மதினியும் கூட வந்தாள். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, இப்படிப் பத்துத் தடவை. அவ்வளவுதான் முதல் மாசத்துக் கணக்கு.

ஊர் பேசாமல் இருக்குமா? மாடு பிடித்துப் போகிற ஒரு பாட்டி தினமும் கேட்பாள்: “என்ன தாயி, யாரும் வெரட்டுதாகளா?” சிரித்துவிட்டு ஓடுவோம். வீட்டில் அத்தைக்கும் இஷ்டமில்லை. “பொம்பளப் பிள்ள ரோட்டுல ஓடுனா ஊரு என்ன சொல்லும்?” என்றார்கள். “சொல்லுதவுக சொல்லட்டும் அத்தை, ரத்தம் எனக்குத்தானே குறைஞ்சிருந்துச்சு” என்றேன். அத்தை பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து பால் காய்ச்சுகிற வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை எழுப்புவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. காலை 5 மணியிலிருந்து 6 மணி வரை என் நேரம் என்று வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போனது.

சகோதரிகளே, ஓடுவதைவிடக் கஷ்டம் இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குவதுதான். பிள்ளைக்கு நேரம், சமையலுக்கு நேரம், விருந்தாளிக்கு நேரம் என்று பங்கு வைக்கிற நாம், நம் தேகத்துக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பதில்லையே! கேட்டால் தர மாட்டார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கேட்டுப் பாருங்கள்.

ஓடிய இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கரிசல் மண் மழையில் அப்பிக்கொள்ளும், செருப்பு இரண்டு கிலோ கனக்கும். கோடையில் வெடித்துப் பிளக்கும், கால் பிசகும். அதனால் காட்டு வழியில் ஓடாமல் கெட்டித் தரையாகப் பார்த்து ஓடினோம். வாரத்தில் நான்கு நாள். அதில் ஒரு நாள் மட்டும் நீளமான ஓட்டம். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டவில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு திணறினால் நடந்துவிட வேண்டும்.

காவிரிக் கரையில்

பெங்களூர்க்காரர்களின் ‘ரன்னர்ஸ் ஃபார் லைஃப்’ அமைப்பு, 2007-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ‘காவேரி டிரெயில் மாரத்தான்’ என்று ஓர் ஓட்டத்தைத் தொடங்கியது. பெரிய நகரத்துத் தார் ரோட்டில் ஆயிரக்கணக்கில் முண்டியடிக்கிற ஓட்டம் அல்ல. ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துப் பக்கம், காவிரியிலிருந்து பிரிகிற வாய்க்காலின் கரையோரமாக மண் பாதையில் போய்த் திரும்புவது. சின்னதாக, சத்தமில்லாமல் நடக்கிறது என்று என் தம்பி சொன்னான். 2014-இல் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன்.

தூத்துக்குடி–மைசூர் ரயிலில் குடும்பத்தோடு ஏறினோம். எங்களுக்குப் பக்கத்து ஆறு என்றால் வைப்பாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணல்தான் இருக்கும். அங்கே கரை தொட்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்து என் சின்னவன், “அம்மா, இது தெனமும் ஓடுமா?” என்று கேட்டான். எனக்கும் அதே சந்தேகம்தான்!

விடிந்தும் விடியாத நேரத்தில் புறப்பட்டோம். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் நெல்லும் கரும்பும். போன வழியே திரும்புவதால், முன்னால் போனவர்கள் எதிரே வருவார்கள். யாரென்றே தெரியாதவர்கள் கையை உயர்த்தி உற்சாகப்படுத்திவிட்டுப் போவார்கள். வழியில் தண்ணீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சுளை. வயலில் நின்ற பெண்கள் கன்னடத்தில் ஏதோ கேட்டார்கள். தமிழில் ஏதோ சொன்னேன். இரண்டு பக்கமும் சிரித்தோம்.

15-ஆவது கிலோமீட்டர் வரை சுகம். பிறகு வெயில் ஏறியது, தொடை கல்லாகக் கனத்தது. நடந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் ஓடினேன், மறுபடி நடந்தேன். 3 மணி 10 நிமிஷத்தில் முடித்தேன். அன்றைக்கு ஜெயித்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு இந்த மாதிரி ஓட்டம்தான் ஒத்து வரும் என்பது என் அனுபவம். இதற்கு வேண்டியது வேகம் அல்ல, பொறுமை. அது நம்மிடம் இல்லாததா?

இனி, நீங்கள் கேட்ட விஷயங்கள்.

பிரசவத்துக்குப் பின் எப்போது?

சுகப்பிரசவமானால் உடம்பு இடம் கொடுத்ததும் மெதுவாக நடக்கத் தொடங்கலாம். ஆறாவது வாரம் டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள். ஓட்டம் மூன்று மாசத்துக்கு முன் வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் பொறுத்து, டாக்டர் சரி என்ற பிறகே ஓட வேண்டும்.

இருமினால், தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? வெளியே சொல்ல வெட்கப்பட்டு எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பிரசவத்தில் இடுப்படித் தசைகள் தளர்வதால் வருவது இது. சிறுநீரை அடக்குவது போல உள்ளுக்கு இழுத்து, ஐந்து விநாடி பிடித்து, விடுங்கள். பத்து முறை, தினம் மூன்று வேளை. அடுப்படியில் நின்றபடியே செய்யலாம். சிறுநீர் போகும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது. கசிவு நிற்கும் வரை நடை போதும். அடியிறங்குவது போலக் கனமாக இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பால் கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டு ஓடுங்கள், மார்பு கனக்காது. அளவான பயிற்சியால் பால் குறையாது. தண்ணீர் மட்டும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

ரத்தம்தான் முதல் செலவு

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில், இந்தியாவில் நூற்றுக்கு 57 பேருக்கும் தமிழ்நாட்டில் 53 பேருக்கும் ரத்தசோகை இருந்தது. அதாவது இந்தப் பக்கத்தைப் படிக்கிற இருவரில் ஒருவருக்கு இருக்கலாம். ஷூ வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், அசைவம் உண்பவர்களுக்கு ஈரல், சுவரொட்டி எல்லாம் நல்லது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் காபி, டீ கூடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உணவு மட்டும் போதும் என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானால் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

நீள ஓட்டத்தன்று இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நடுவில் வாழைப்பழம் அல்லது ஒரு துண்டு வெல்லம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை ஓடி முடித்த பிறகு சாப்பிடுங்கள். கடலையிலுள்ள கொழுப்பு சீக்கிரம் ஜீரணமாகாது, ஓடும்போது வயிற்றில் நிற்கும்.

நீள ஓட்டத்தில் வெறும் தண்ணீரையே அளவு மீறிக் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். அது ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் உத்தமம். ரொம்ப வியர்த்தால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அளந்து போடுங்கள், கைத்திட்டம் வேண்டாம். தலைசுற்றல், குமட்டல், நெஞ்சு வலி, தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

உடையும் துணையும்

சுடிதார் போதும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். உள்ளாடை இறுக்கிப் பிடிப்பதாக இருக்கட்டும். ஷூவுக்குள் கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். இருட்டில் தனியாக ஓட வேண்டாம். ஒரு துணையோடு, ஆள் நடமாட்டமுள்ள வழியில், எதிரே வரும் வண்டி தெரிகிற பக்கமாக ஓடுங்கள். வெளிர் நிற உடை நல்லது.

நாளைக் காலையிலேயே ஓடத் தொடங்க வேண்டாம். இந்த வாரம் ரத்தப் பரிசோதனை, அடுத்த வாரம் அரை மணி நேர நடை. உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குழந்தைகளின் ரத்தசோகையைப் பற்றியும் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.