நோபல் பெற்ற சாட்சி சொன்னதில் எது உண்மை?

1998 டிசம்பர் 15. அன்றைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்த ஒரு செய்திக் கட்டுரை, உலகம் முழுக்கப் பலரைத் திடுக்கிட வைத்தது. அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஒரு பெண்ணின் சுயசரிதையில் உள்ள முக்கியமான சம்பவங்கள், அவர் சொன்னபடி நடக்கவில்லை என்றது அந்தக் கட்டுரை. அந்தப் பெண்ணின் பெயர் ரிகோபெர்ட்டா மென்ச்சு. நாடு, மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலா.

பொய் சொல்லிப் பரிசு வாங்கிவிட்டார் என்று ஒரு தரப்பு கொதித்தது. கொன்றவர்களை விட்டுவிட்டு, பறிகொடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்வதா என்று இன்னொரு தரப்பு கோபப்பட்டது. 25 ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த வாதம் முழுதாக ஓயவில்லை. உண்மையில் என்னதான் நடந்தது?

யார் இந்த ரிகோபெர்ட்டா?

1959-ல், குவாத்தமாலாவின் எல் கிச்சே மலைப்பகுதியில், உஸ்பாந்தான் ஊருக்குப் பக்கத்தில் சிமெல் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர். கிச்சே மாயா இனத்தைச் சேர்ந்தவர். மாயா மக்கள்தான் அந்த மண்ணின் பூர்வகுடிகள். நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு நெருக்கமாக இருந்தும் நிலம், அரசு, ராணுவம் எல்லாம் அவர்கள் கையில் இல்லை. ஸ்பானிய மொழி பேசும், 'லடினோ' என்று அழைக்கப்படும் மக்களின் கையில்தான் இருந்தன.

1960 முதல் 1996 வரை, 36 ஆண்டுகள் அங்கே உள்நாட்டுப் போர். அரசை எதிர்த்து கெரில்லா குழுக்கள் ஆயுதம் ஏந்தின. மாயா கிராமங்கள் எல்லாமே கெரில்லாக்களுக்குச் சோறு போடும் இடங்கள் என்று ராணுவம் முடிவு கட்டியது. ஊர் ஊராகக் கொன்று தீர்த்தது.

ரிகோபெர்ட்டாவின் வீடும் அதில் தப்பவில்லை. 1979-ல் தம்பி பெட்ரோசினியோ கொல்லப்பட்டார். 1980 ஜனவரி 31 அன்று, ராணுவக் கொடுமைகளை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோக, விவசாயிகளும் மாணவர்களும் தலைநகரில் உள்ள ஸ்பெயின் தூதரகத்துக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். போலீஸ் உள்ளே வர வேண்டாம் என்று தூதரே கெஞ்சியும், போலீஸ் புகுந்தது. கட்டடம் தீப்பிடித்தது. 37 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ரிகோபெர்ட்டாவின் அப்பா விசென்டே. சில மாதங்களில் அம்மா ஹுவானா கடத்தப்பட்டு, சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். ரிகோபெர்ட்டா மெக்ஸிகோவுக்குத் தப்பினார்.

ஒரே வாரத்தில் பதிவான கதை

1982 ஜனவரியில் பாரிஸ் போயிருந்தார் ரிகோபெர்ட்டா. வயது 23. அங்கே எலிசபெத் புர்கோஸ் என்ற வெனிசுவேலா மானுடவியல் ஆய்வாளர், ஏறக்குறைய ஒரு வாரம் அவரைப் பேசவைத்து டேப்பில் பதிவு செய்தார். ரிகோபெர்ட்டா பேசியது ஸ்பானிய மொழியில். அது அவருடைய தாய்மொழி இல்லை.

பதிவை எழுத்தாக்கி, தன் கேள்விகளை நீக்கிவிட்டு, பதில்களைத் தலைப்பு வாரியாகக் கோத்தார் புர்கோஸ். 1983-ல் ஸ்பானிய மொழியிலும், அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் புத்தகம் வெளிவந்தது. படிப்பவருக்குக் கேட்பது ஒரே ஒரு குரல்தான். ஆனால், அதற்குப் பின்னால் இரண்டு பேரின் வேலை இருக்கிறது. சர்ச்சை வெடித்தபோது இந்த விவரம் பெரிதாகப் பேசப்பட்டது.

புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. அமெரிக்கக் கல்லூரிகளில் பாடமானது. கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்து 500 ஆண்டுகள் நிறைந்த 1992-ல், ரிகோபெர்ட்டாவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு 33 வயது.

ஸ்டோல் கண்டுபிடித்தது என்ன?

டேவிட் ஸ்டோல், அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியைச் சேர்ந்த மானுடவியல் ஆய்வாளர். 1980-களின் இறுதியில் குவாத்தமாலா மலைகளில் கள ஆய்வு செய்துகொண்டிருந்தார். சஹுல் என்ற ஊரில் பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைக் கேட்டார். ராணுவம் இந்த ஊர்த் திடலில் கைதிகளை உயிரோடு எரித்ததாமே என்று. அப்படி எதுவும் இங்கே நடக்கவில்லையே என்று பதில் வந்தது. அந்தக் காட்சி ரிகோபெர்ட்டாவின் புத்தகத்தில் மிக முக்கியமானது. தம்பி பெட்ரோசினியோவை எரித்ததைக் குடும்பமே நின்று பார்த்ததாக அதில் இருக்கிறது.

அங்கிருந்து தொடங்கிய ஸ்டோல், ஊர்க்காரர்களிடம் பேசினார். பழைய நில ஆவணங்களைப் புரட்டினார். 1999-ல் புத்தகமாக வெளியிட்டார். நியூயார்க் டைம்ஸ் நிருபரும் நேரில் போய் விசாரித்தார். கிளம்பிய கேள்விகளில் முக்கியமானவை நான்கு.

முதலாவது, தம்பியின் மரணம். அவரை ராணுவம் பிடித்துச் சென்று கொன்றது உண்மை. ஆனால், சஹுல் மக்கள் ஸ்டோலிடம் சொன்னதன்படி கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எரிக்கப்படவில்லை. குடும்பத்தினரும் அங்கே இல்லை.

இரண்டாவது, படிப்பு. பள்ளிக்கூடமே போனதில்லை என்கிறது புத்தகம். கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் அவர் சில ஆண்டுகள் படித்தது தெரியவந்தது. அப்படியானால், சிறு வயது முழுக்கத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்ததாகச் சொல்லும் பகுதிகளும் கேள்விக்குள்ளாகின.

மூன்றாவது, நிலம். பணக்கார லடினோ நிலக்கிழார்கள்தான் அப்பாவின் நிலத்தைப் பறிக்கப் பார்த்தார்கள் என்பது புத்தகத்தின் கதை. ஆவணங்களின்படி, ஆண்டுக்கணக்கில் இழுத்த பெரிய வழக்கு, அம்மா வழிச் சொந்தங்களான தும் குடும்பத்தோடு நடந்தது. அவர்களும் மாயாக்களே. நம் ஊர் பாஷையில் சொன்னால், மாமன் மச்சான் வீட்டு எல்லைத் தகராறு. லடினோக்களோடும் உரசல்கள் இருந்தன என்பதை ஸ்டோலை விமர்சித்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

நான்காவது, நிகோலாஸ். பட்டினியால் இறந்ததாகச் சொல்லப்பட்ட சகோதரரின் பெயர் அது. அதே பெயரில் ஒரு சகோதரர் உயிரோடு இருந்தார். அந்தப் பெயர் இரண்டு பேருக்கு வைக்கப்பட்டது, ஒருவர் இறந்துவிட்டார் என்றார் ரிகோபெர்ட்டா.

ஸ்டோல் மறுக்காதது என்ன?

சர்ச்சையின் சத்தத்தில் காணாமல் போன கேள்வி இதுதான். ரிகோபெர்ட்டாவின் அப்பாவும் அம்மாவும் தம்பியும் கொல்லப்பட்டதை ஸ்டோல் மறுக்கவில்லை. ராணுவம் கூட்டம் கூட்டமாக மக்களைக் கொன்றதையும் மறுக்கவில்லை. எப்படி, எங்கே, யார் கண் முன்னால் என்பதில்தான் அவருக்குக் கேள்வி. இன்னொரு கேள்வியும் அவரிடம் இருந்தது. எல்லா மாயா விவசாயிகளும் விரும்பித்தான் கெரில்லாக்கள் பக்கம் போனார்கள் என்று புத்தகம் காட்டுவது சரியா? இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களும் ஏராளம் இல்லையா?

ரிகோபெர்ட்டாவின் பதில்

முதலில், புத்தகத்தைத் தொகுத்தது புர்கோஸ்தான் என்று கொஞ்சம் விலகி நின்றார். டேப்புகள் இருக்கின்றன என்று புர்கோஸ் பதில் கொடுத்தார். பிறகு ரிகோபெர்ட்டா வெளிப்படையாகவே பேசினார். மற்றவர்களின் அனுபவங்களையும் தன் கதையோடு சேர்த்துச் சொன்னதை ஒப்புக்கொண்டார். பள்ளியில் தான் வேலைக்காரியாக இருந்தபடிதான் படித்ததாகவும், அந்தக் கன்னியாஸ்திரீகளுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் மறைத்ததாகவும் விளக்கினார். தம்பி இறந்த விதத்தை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதாகவும், அம்மாவின் வார்த்தையையே நம்புவதாகவும் சொன்னார். பரிசைத் திரும்பப் பெறும் பேச்சுக்கே இடமில்லை என்று நோபல் குழுவின் தரப்பில் அறிவித்துவிட்டார்கள். பரிசு அந்தப் புத்தகத்துக்காக மட்டும் கொடுக்கப்பட்டதல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம்.

லத்தீன் அமெரிக்காவில் 'டெஸ்டிமோனியோ' என்று ஓர் இலக்கிய வகை உண்டு. சாட்சிக் கதை என்று சொல்லலாம். அதில் 'நான்' என்பது பல நேரம் 'நாங்கள்' என்பதன் சுருக்கம். நமக்கும் இது புதிதல்ல. ஊரில் வந்த வெள்ளத்தைப் பற்றி ஒரு பாட்டி சொல்லும்போது, பக்கத்துத் தெருவில் இடிந்த வீடும் அவர் கதைக்குள் வந்துவிடும். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. அவர் சொல்வது ஊரின் கதை.

ஆனால், திண்ணையில் சொல்லும் கதைக்கும் அச்சில் வரும் சுயசரிதைக்கும் வித்தியாசம் இருக்கிறது. திண்ணையில் கேட்பவருக்குப் பாட்டியையும் தெரியும், தெருவையும் தெரியும். பல்லாயிரம் மைல் தள்ளிப் படிக்கும் மாணவருக்கு அந்த 'நான்' மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எது கண்ணால் கண்டது, எது காதால் கேட்டது என்று பிரித்துச் சொல்லும் கடமை, சொல்பவருக்கும் உண்டு, தொகுப்பவருக்கும் உண்டு. பெட்ரோசினியோவின் கதையில் 'இது அம்மா சொன்னது' என்ற மூன்று வார்த்தைகள் இருந்திருந்தால், அந்தப் பக்கத்தை யாராலும் பொய் என்று சொல்லியிருக்க முடியாது. கொலையின் கொடூரமும் ஓர் இம்மிகூடக் குறைந்திருக்காது.

அவர் பேசிய நேரத்தையும் மறக்கக் கூடாது. 1982-ல் போர் உச்சத்தில் இருந்தது. கிராமங்கள் அழிந்துகொண்டிருந்தன. செத்தவர்களால் பாரிஸ் வந்து பேச முடியாது. தனக்குத் தெரிந்த எல்லாருடைய துயரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியிருந்தால், அதைப் புரிந்துகொள்ள முடியும். புரிந்துகொள்வது வேறு, சரிபார்க்காமல் விடுவது வேறு.

ஒரு புத்தகத்தை மட்டும் நம்பி இல்லை

நியூயார்க் டைம்ஸ் கட்டுரை வந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. 1999 பிப்ரவரி 25 அன்று, ஐ.நா. ஆதரவில் இயங்கிய உண்மை அறியும் ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. போரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல். முழுமையாக அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவிகிதம் பேர் மாயாக்கள். ஆணையம் பதிவு செய்த மீறல்களில் 93 சதவிகிதத்துக்கு அரசுப் படைகளும் அதன் துணைக் குழுக்களும் பொறுப்பு. 3 சதவிகிதம் கெரில்லாக்கள் செய்தவை. அரசுத் தரப்பு செய்த கூட்டுக்கொலைகள் மட்டும் 626. 1981 முதல் 1983 வரை நான்கு பகுதிகளில் இனப்படுகொலைச் செயல்கள் நடந்தன என்றும் ஆணையம் முடிவுக்கு வந்தது.

இந்த எண்கள் ரிகோபெர்ட்டாவின் புத்தகத்தை வைத்து வந்தவை அல்ல. ஆயிரக்கணக்கானவர்களிடம் வாங்கிய வாக்குமூலங்களிலிருந்து வந்தவை. ஊர்களில் புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை எடுத்து, இவை இன்னாருடையவை என்று அடையாளம் காணும் வேலையும் தொடர்ந்தது. ஒரு சாட்சியின் கதையில் நான்கு ஓட்டைகள் இருக்கலாம். அதனால் புதைகுழி காலியாகிவிடாது.

நீதிமன்றத்தில் என்ன ஆனது?

துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பது நீதிமன்றத்தில்தான் தெரிகிறது. 2013-ல் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோன்ட் மீது, குவாத்தமாலாவிலேயே இனப்படுகொலை வழக்கு நடந்தது. இஷில் மாயா மக்கள், ஆண்களும் பெண்களுமாக வந்து சாட்சி சொன்னார்கள். மே 10 அன்று அவருக்கு 80 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பத்தே நாளில், நடைமுறைக் காரணங்களைக் காட்டி அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணை முடிவதற்குள், 2018-ல் ரியோஸ் மோன்ட் இறந்துபோனார்.

ஸ்பெயின் தூதரக வழக்கு வேறு மாதிரி முடிந்தது. 2015 ஜனவரியில், முன்னாள் போலீஸ் அதிகாரி பெட்ரோ கார்சியா அர்ரெடொண்டோ குற்றவாளி என்று தீர்ப்பானது. தூதரகச் சாவுகளையும் வேறு இரண்டு மாணவர்களின் கொலையையும் சேர்த்து 90 ஆண்டு சிறை. வழக்கை நடத்தியவர்களில் ஒருவர், அந்தத் தீயில் அப்பாவை இழந்த ரிகோபெர்ட்டா. அப்பா இறந்து 35 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தீர்ப்பு அது.

இன மோதலைப் பற்றிய எந்த நினைவுக் குறிப்பைக் கையில் எடுத்தாலும், சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டே படிக்கலாம். சொல்பவர் இதைப் பார்த்தாரா, கேட்டாரா? எழுத்தாக்கியது யார்? சொன்ன நேரத்தில் யாருக்கு ஆபத்து இருந்தது? இதே சம்பவத்தைச் சொல்ல வேறு ஆள், வேறு ஆவணம் உண்டா? இவை சாட்சியை அவமதிக்கும் கேள்விகள் இல்லை. அவர் சொன்னதில் உறுதியாக நிற்கும் பகுதி எது என்று காட்டித்தரும் கேள்விகள்.

பெட்ரோசினியோ எரிக்கப்பட்டாரா, சுடப்பட்டாரா என்பதில் இன்றும் இரண்டு பதில்கள் இருக்கின்றன. அவரைக் கொன்றது யார் என்பதற்கு ஒரே பதில்தான்.