ஆலைக்கு ஓய்வில்லை, ஆளுக்கு உண்டு

மணலியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம் தாய் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி. அவருக்கோ லீவே இல்லை. பதிமூணு நாளா விடாம வேலை. ராத்திரி சோத்துத் தட்டு முன்னாடியே தூங்கி விழறாரு. லீவு கேட்டா, ‘காண்ட்ராக்ட் ஆளுக்கு ஏதுய்யா லீவு?’ன்னு மேஸ்திரி கேக்கறாராம்.”

மேஸ்திரி சொன்னது சரியில்லை, சகோதரிகளே!

எங்கள் ஊரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-லும், உரத் தொழிற்சாலை 1971-லும் ஓடத் தொடங்கின. அன்று முதல் இங்கே இரவும் பகலும் ஷிப்டுதான். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக உலையை அணைக்க முடியுமா? முடியாது. ஆனால் ஆலை ஓயாது என்பதற்காக ஆளும் ஓயக்கூடாது என்று அர்த்தமில்லை. முறை வைத்து ஆளுக்கொரு நாள் விட வேண்டியதுதான்.

இந்த ஒரு நாள் சும்மா கிடைத்துவிடவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் போராடி, 1890-ல்தான் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதற்காக நடந்த கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள் என்பது நமக்குப் பெருமை.

பிறகு வந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், வார விடுமுறையை முன்னே பின்னே மாற்றினாலும், ஒரு முழு நாள் ஓய்வில்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்றது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்கிறது. விலக்குப் பெற்ற இடங்களில் ஓய்வு நாள் தவறினால், அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ ஈடாக விடுமுறை தர வேண்டும். நிரந்தர ஆள், காண்ட்ராக்ட் ஆள் என்ற பேதம் இதில் கிடையாது.

நாம் செய்ய வேண்டியது என்ன? பால் கணக்கு எழுதும் அதே காலண்டரில், அவர் வேலைக்குப் போன நாள், ஓய்வு கிடைத்த நாள், கூடுதலாக உழைத்த மணி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். முதலில் தன்மையாகக் கேட்கட்டும். பிறகு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளட்டும். அதற்கும் அசையாவிட்டால் தொழிற்சங்கம் இருக்கிறது, தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. தூக்கம் கெட்ட கண்ணோடு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பது எத்தனை ஆபத்து! லீவு என்பது சலுகை அல்ல, உயிருக்குக் காவல்.

அந்தப் பெண்ணும் குறித்து வைத்தாள். கணவர் கேட்டார், அடுத்த புதன்கிழமை விட்டார்கள். தடுப்பூசிக்கு மூன்று பேருமாகப் போய் வந்தார்கள்.

“வந்ததும் அவரே ரசம் வெச்சாரு அக்கா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்” என்று சிரித்தாள்.

அடுப்படியில் நிற்கும் நமக்கு எந்தச் சட்டமும் வார லீவு தரவில்லை. அவருக்குக் கிடைக்கிற அந்த ஒரு நாளில், ஒரு வேளையாவது நாமும் உட்கார்ந்து சாப்பிடுவோமே!