மருத்துவமனையும் மருத்துவ வசதியும்

ஒரு பகுதியில் மருத்துவ வசதி உண்டா என்று வினவினால், அங்கு மருத்துவமனை இருக்கிறது என்று விடை கூறுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இவ்விரண்டும் ஒன்றல்ல. கட்டிடம் எழும்புவது ஒன்று. நோயுற்றவர் உரிய காலத்தில் உரிய மருத்துவரை அடைவது வேறொன்று. இவ்வேற்றுமையைத் தெளிவாக உணர்த்தும் உதாரணங்களுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் வரலாறும் ஒன்றாகும்.

கவுண்டி என்பது ஏறக்குறைய இந்திய மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. கலிபோர்னியாவைச் சேர்ந்த இக்கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 1 கோடி. அந்நாட்டின் கவுண்டிகளுள் மக்கள்தொகையில் இதுவே முதலிடம் பெறுகிறது. இதன் பரப்பு 4,000 சதுர மைலுக்கும் அதிகம். இதனுள் 88 நகரங்கள் அடங்கியுள்ளன. வேறு ஆதரவற்ற ஏழைகளைப் பேணும் கடமையைக் கலிபோர்னியாவின் சட்டம் கவுண்டிகள் மீதே சுமத்தியுள்ளது. ஆயினும் இங்குப் பொறுப்பு ஒரே கையில் இல்லை. மருத்துவமனைகளை ஓர் இலாகாவும், நோய்த்தடுப்பை மற்றோர் இலாகாவும், மனநலத்தைப் பிறிதோர் இலாகாவும் கவனிக்கின்றன. லாங் பீச், பாசடீனா ஆகிய நகரங்கள் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தத்தம் இலாகாக்களை வைத்திருக்கின்றன.

இக்கவுண்டியின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த வாட்ஸ் வட்டாரத்தில் 1965 ஆகஸ்டில் பெருங் கலவரம் மூண்டது. ஆறு நாட்களில் 34 பேர் மாண்டனர். காரணங்களை ஆராய ஜான் மெக்கோன் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, வேலையின்மை, கல்விக் குறைவு ஆகியவற்றோடு மருத்துவ வசதியின்மையையும் எடுத்துக் காட்டியது. அவ்வட்டாரத்துக்கு அருகில் போதிய மருத்துவமனை இல்லை. தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லப் பஸ் வசதியும் போதவில்லை. இதன் விளைவாக 1972-இல் மார்ட்டின் லூதர் கிங் பெயரால் கவுண்டி மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. மக்கள் அதைத் தங்கள் உரிமையின் சின்னமாகவே கருதினர்.

சின்னமாக இருந்தால் மட்டும் நோய் தீராது. காலப்போக்கில் அங்கு நோயாளிகளைப் பேணுவதில் கடுமையான குறைகள் வெளியாயின. மத்திய அரசாங்கத்தின் சோதனையில் தேறாமையால் 2007-இல் அந்நிதி நிறுத்தப்பட்டது. அவசர சிகிச்சைப் பிரிவும் உள்நோயாளிப் பிரிவும் மூடப்பட்டன. வெளிநோயாளிப் பிரிவு மட்டுமே எஞ்சியது. தரமற்ற மருத்துவமனையை மூடுவதே நேர்மை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மூடுவோர், அங்கு வந்துகொண்டிருந்த நோயாளிகள் மறுநாள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள். வாட்ஸ் வட்டார மக்கள் எட்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 2015-இல்தான் 131 படுக்கைகளுடன், இலாப நோக்கற்ற தனி நிர்வாகத்தின் கீழ், புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது.

அதனுடன் குறை தீர்ந்ததா? புதிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை நோயாளிகள் வரலாயினர். இது திட்டமிட்ட அளவைப்போல் பன்மடங்காகும். இதன் காரணத்தை ஆராய்வது பயன் தரும். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் உண்டா இல்லையா என்று பாராமல், பரிசோதித்து அபாய நிலையினின்று மீட்க வேண்டும். ஆனால் அதே நோயாளியை மாதந்தோறும் பார்த்து மருந்தளிக்க வேண்டுமென்று அச்சட்டம் கூறவில்லை. ஏழைகளுக்கான மெடிகால் என்னும் அரசாங்கக் காப்புத் திட்டம் மருத்துவருக்கு அளிக்கும் கட்டணமோ குறைவு. ஆகவே ஏழைகள் மிகுந்த வட்டாரத்தில் மருத்துவர்கள் தொழில் நடத்த முன்வருவது அரிதாகிறது. தொடக்கத்தில் அடைபட்டிருக்கும் கதவு, நோய் முற்றிய பிறகே திறக்கிறது.

இதனால் விளையும் கேட்டுக்கு நீரிழிவு நோயே சான்று. இந்நோய் கட்டுக்கு அடங்காதபோது பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குன்றுகிறது. சிறு காயம் ஏற்பட்டாலும் வலி தெரியாது. கவனிப்பாரற்ற காயம் புண்ணாகி, அழுகி, இறுதியில் காலையே அகற்ற நேரிடுகிறது. பாதத்தை அடிக்கடி சோதித்தலும், தக்க காலணி அணிதலும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தலும் பெரும்பாலும் இதனைத் தடுக்கவல்லவை. கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஏழை வட்டாரங்களில் வாழும் நீரிழிவு நோயாளிகள் விரலையோ, பாதத்தையோ, காலையோ இழக்கும் வாய்ப்பு, செல்வர் வட்டாரங்களில் உள்ளதைவிடப் பத்து மடங்கு வரை மிகுதி எனக் கண்டது. நோய் ஒன்றே, அதற்கான மருந்தும் ஒன்றே. வேறுபடுவது நோயாளி வாழும் தெருதான்.

காப்புத் திட்டத்தை விரிவாக்கினால் போதும் என்பார் சிலர். அது இன்றியமையாததே. 2014 முதல் வருவாய் குறைந்த வயதுவந்தோர் பலர் மெடிகாலில் சேர்க்கப்பட்டனர். 2024 ஜனவரி முதல், குடியேற்ற உரிமைப் பத்திரம் இல்லாதோரும் எவ்வயதினராயினும் சேரலாம் என்றாயிற்று. ஆனால் செலவு மிகுந்ததால், 2026 ஜனவரி முதல் பத்திரமற்ற வயதுவந்தோரைப் புதிதாகச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. வரவு செலவுத் திட்டத்தோடு ஏறி இறங்கும் உரிமையை நம்பி நீண்டகால நோயைக் கட்டுப்படுத்த இயலாது. மேலும், அட்டை கையில் இருப்பது மருத்துவர் அருகில் இருப்பதற்கு ஈடாகாது.

இக்கவுண்டியில் நம்பிக்கையளிக்கும் பணி ஒன்றும் உண்டு. அங்குள்ள மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களுள்ளிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டு, 'பிரமோட்டோரா' என்று அழைக்கப்படும் சுகாதாரப் பணியாளர்கள் தம் மக்களின் மொழியிலேயே பேசி, நோயைப் பற்றி விளக்கி, சிகிச்சை நிலையத்துக்கு வழிகாட்டுகின்றனர். பெருஞ் செலவில் எழுந்த கட்டிடம் செய்ய இயலாததை வீட்டு வாசலில் நடக்கும் உரையாடல் செய்யக்கூடும்.

இந்தியாவில் போர் குழு 1946-இலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களை வற்புறுத்தியது. நகரங்களுக்கென 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டமும், சுமார் 50,000 மக்களுக்கு ஒரு நிலையம் என்ற அளவை மேற்கொண்டது. திட்டத்தின் நோக்கம் செம்மையானதே. எனினும் அதன் வெற்றியைத் திறந்த நிலையங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது தவறு. கூலி வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய நேரத்தில் நிலையம் திறந்திருக்கிறதா, சென்ற மாதம் வந்த நீரிழிவு நோயாளி இம்மாதமும் வந்தாரா, வராதவரைத் தேடி எவரேனும் சென்றனரா என்பனவே உண்மையான அளவுகோல்கள்.

இவ்வினாக்களுக்கு விடை தலைமை அலுவலகத்தில் கிடைப்பதில்லை. களப் பணியாளரின் குறிப்பேட்டில்தான் கிடைக்கும். குடும்பத்தினரின் பாதங்களைப் பார்த்து வருமாறு மாணவரிடம் கூறும் ஆசிரியரும் இப்பணியில் பங்குகொண்டவரே ஆவார். மருத்துவமனை வேண்டும் என்று மக்கள் கேட்பது முற்றிலும் நியாயம். அம்மருத்துவமனைக்குக் காலை இழக்கச் செல்லும் நிலை எவருக்கும் வராதிருக்க வேண்டும் என்று கேட்பது அதனினும் நியாயம்.